செங்கல் இல்லை, மரம் இல்லை, சுண்ணாம்பு இல்லை... செஞ்சிக்குப் போற வழியில் ஒரு 1,400 வருஷக் கோயில்!

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக் கோட்டைக்கு பைக்கில் கிளம்புறீங்க. மேப்பில் சுமார் 40 கிலோமீட்டர்னு காட்டும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அறிவித்த மராத்தியர் கோட்டைகள் பட்டியலில் மொத்தம் 12 கோட்டைகள். அதில் 11 மகாராஷ்டிராவில். மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி. அதனால இந்த ரோட்டுக்கே இப்போ ஒரு தனி கெத்து!

ஆனால், பாதி வழியில் ஓர் ஊரை நீங்க தாண்டிப் போறீங்க. பெயர் மண்டகப்பட்டு. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் ஒரு பாறை. அந்தப் பாறையில் ஒரு குகை மாதிரி முகப்பு. நாலு தூண், இரண்டு காவலர்கள், உள்ளே இருட்டு. பார்த்ததும், 'இதுக்கா இவ்ளோ பில்டப்பு?'ன்னு கேட்கத் தோணும். கோபுரம் இல்லை, தேர் இல்லை, வரிசையாகச் சிற்பமும் இல்லை.

ஆனா, மாமல்லபுரத்து ரதங்கள், காஞ்சி கைலாசநாதர் கோயில், தஞ்சைப் பெரிய கோயில்னு நாம பெருமையா ஸ்டோரி போடுற எல்லாக் கற்கோயில்களுக்கும் முன்னாடி வந்த சோதனை முயற்சி இது. கோயில்னா கல்லுலதான் இருக்கணும்னு இன்னைக்கு நமக்குத் தோணுது இல்லையா? ஒரு காலத்தில் அப்படி இல்லை. அது எப்படி மாறுச்சுங்கிறதுக்கான தடயங்கள் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி என்ற முக்கோணத்தைச் சுற்றியே கிடைக்குது. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

லேபிளில் நாலு 'இல்லை'

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தா, 'மைதா இல்லை, செயற்கை நிறம் இல்லை, சர்க்கரை சேர்க்கலை'ன்னு பெருசா போட்டிருப்பாங்க. என்ன இருக்குங்கிறதைவிட, என்ன இல்லைங்கிறதுதான் அங்கே விற்பனைக்கான விஷயம்.

மண்டகப்பட்டில் ஒரு மன்னர் இதையே 1,400 வருஷத்துக்கு முன்னாடி செய்திருக்கார். முகப்பில் சமஸ்கிருத மொழியில், பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு சின்னக் கல்வெட்டு. ஒரே ஒரு செய்யுள். அதன் சாரம் இதுதான்: இந்தக் கோயிலைச் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் விசித்திரசித்தன் என்ற மன்னன் உருவாக்கினான், இது பிரம்மா, ஈஸ்வரன், விஷ்ணு மூவருக்குமான இடம்.

கோயிலுக்கு அந்தக் கல்வெட்டு வைத்த பெயர், லக்ஷிதாயதனம். ஆயதனம் என்றால் இருப்பிடம், கோயில். விசித்திரசித்தன் என்பது பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். 'புதுமையான சிந்தனை கொண்டவன்'னு பொருள் சொல்லலாம். ஆளும் அப்படித்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆட்சி செய்தவர். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதியவர். காபாலிகர், பௌத்தத் துறவின்னு யாரையும் விட்டுவைக்காமல் கலாய்த்த நாடகம் அது. ஓவியர்களில் புலி என்ற பொருளில் 'சித்திரகாரப்புலி' என்றும் அவருக்கு ஒரு பட்டம் உண்டு.

இங்கே ஒரு சந்தேகம் வரணும் உங்களுக்கு. உலோகம் இல்லாமலா? அப்போ உளி? பாறையைச் செதுக்கியது இரும்பு உளிதான். அதில் மாற்றமில்லை. கல்வெட்டு சொல்வது கருவியை அல்ல, கட்டுமானப் பொருளை. கட்டடத்துக்குள் ஓர் ஆணிகூட இல்லை என்பதுதான் விஷயம்.

இந்த நாலும் எங்கிருந்து வந்தது?

மகேந்திரவர்மன் 'இல்லை'ன்னு சொன்ன நாலு பொருள்களை இன்னொரு தடவை பாருங்க. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு. இது சும்மா அடுக்கின பட்டியல் இல்லை. அன்றைக்கு ஒரு கோயில் கட்ட கடைக்குப் போனால் வாங்கிட்டு வர வேண்டிய சாமான் லிஸ்ட்! சுவருக்குச் செங்கல். தூணுக்கும் கூரைக்கும் மரம். மரத்தைப் பிணைக்க ஆணியும் பட்டையும். மேலே பூச சுண்ணாம்பு.

அப்படிக் கட்டின கோயில்கள் எங்கே? பெரும்பாலும் போயிடுச்சு. மரம் உளுத்தது, செங்கல் கரைந்தது. சிலது மட்டும் மண்ணுக்குள் தப்பியிருக்கு. மாமல்லபுரம் பக்கத்தில் சாளுவன்குப்பம் நல்ல உதாரணம். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே வெளியே தெரிந்த கல்வெட்டு கொடுத்த துப்பை வைத்து, தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. ஒரு முருகன் கோயிலின் அடித்தளம் வெளியே வந்தது. மேலே பல்லவர் காலத்துக் கருங்கல் வேலை. அதற்குக் கீழே, அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானம். கோயில் என்பது செங்கல்லில் இருந்து கல்லுக்கு நகர்ந்த கதை, ஒரே இடத்தில் அடுக்கு அடுக்காகக் கிடைத்தது.

சரி, கல் அப்பவும் இருந்துச்சு, கல்தச்சர்களும் இருந்தாங்க. நம்ம ஊர்ல கல்லுக்கா பஞ்சம்? விழுப்புரம் மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைதான். அப்புறம் ஏன் சாமிக்கு மட்டும் கல்லைப் பயன்படுத்தலை?

கல் யாருக்குச் சொந்தம்?

இதுக்கு ஒரு சுவாரஸ்யமான பதிலை முன்வைத்தவர், இந்தியத் தொல்லியல் துறையின் ஆய்வாளர் கே.ஆர்.சீனிவாசன். பல்லவர் குடைவரைகள் பற்றி 1964-ல் வெளியான அவருடைய நூல் இன்றைக்கும் இந்தத் துறையில் அடிப்படை நூல். அவர் சொன்ன காரணம் இது: தமிழ் நிலத்தில் கல் என்பது இறந்தவர்களோடு சேர்ந்த பொருள். இறந்தவருக்கு நட்ட பொருளில் சாமிக்கு வீடு கட்ட மக்கள் தயங்கினார்கள். இதை எல்லோரும் அப்படியே ஏற்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால், இந்த வட்டாரத்தைச் சுற்றி வந்தால் அவர் ஏன் அப்படி யோசித்தார்னு புரியும். மூணு இடம் சொல்றேன்.

முதலாவது, விழுப்புரம் வட்டாரத்தில் இருக்கும் உடையார்நத்தம். கற்கால முடிவுக்குப் பிறகு, இரும்பு பழக்கத்துக்கு வந்த காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த இடங்களைப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள்னு சொல்வாங்க. வட்டமாகக் கற்களை நட்டு, நடுவில் புதைப்பார்கள். உடையார்நத்தத்தில் அப்படியொரு இடத்தில், தோள்களை விரித்து நிற்கும் மனித உருவம் போல ஒரு பெரிய பலகைக்கல் நிற்குது. முகம் கிடையாது, கண் கிடையாது. விசிறி மாதிரி இருப்பதால் ஊர்க்காரர்கள் 'விசிறிப்பாறை'ன்னு கூப்பிடுறாங்க. தாய்த்தெய்வம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எதுவாக இருந்தாலும், நம்ம ஊரில் சடங்குக்காகக் கல்லை எழுப்பிய பழக்கம் கோயில்களைவிட பல நூறு வருஷம் மூத்தது.

இரண்டாவது, நடுகல். போரில், மாடு பிடிக்கும் சண்டையில் செத்துப்போன வீரனுக்குக் கல் நட்டு வழிபடும் வழக்கம். பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், செங்கம் பகுதியில் இப்படி நிறைய கிடைச்சிருக்கு. அதில் எடுத்தனூர் நடுகல்லைத் தெரிஞ்சுக்காமல் விடாதீங்க. மாடுகளை மீட்கும் சண்டையில் இறந்த வீரனோடு அவன் நாயையும் கல்லில் செதுக்கியிருக்காங்க. நாய்க்குப் பெயர்கூட இருக்கு: கோவிவன். கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. நம்ம வீட்டு நாய்க்கு இன்ஸ்டாவில் தனி அக்கவுன்ட் வைக்கிறோம். அவங்க கல்லுல பெயர் வெட்டி வெச்சாங்க! இதில் கவனிக்க வேண்டியது தேதிதான். அந்தக் கல்வெட்டு மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. அதாவது, அதே மன்னரின் ஆட்சியில், ஒரு பக்கம் இறந்தவனுக்குக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் மன்னர் அதே கல்லில் சாமிக்கு இடம் செய்துகொண்டிருந்தார்.

மூன்றாவது, செஞ்சிக்கு மிக அருகில் இருக்கும் திருநாதர்குன்று. சிங்கவரம் போகும் பக்கம். சமணர்களின் புனித இடம். இங்கே ஒரு பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் வரிசைக்கு 12 பேராக, இரண்டு வரிசையில் அமர்ந்திருக்காங்க. அதைவிடப் பழமையான விஷயம் கீழே ஒரு பாறைக் கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட இடம் இது என்று அது சொல்கிறது. சமணத்தில் இதை சல்லேகனை என்பார்கள். நம்ம தமிழில் வடக்கிருத்தல் என்று சொல்வதற்கு நெருக்கமானது. அப்படி உயிர்விட்ட இடத்துக்கு நிசீதிகை என்று பெயர்.

இந்தக் கல்வெட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தமிழி எழுத்து மெதுவாக வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்து இது. 'ஐ' என்ற உயிரெழுத்தைக் காட்டும் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். எந்தச் சொல்லில் தெரியுமா? ஐம்பத்தேழு. அந்த மனிதர் பட்டினி கிடந்த நாள்களின் எண்ணிக்கையில்! பிற்காலத்தில் இளைய படாரர் என்ற இன்னொரு துறவி 30 நாள் நோன்பிருந்து இங்கே உயிர்விட்டதாக மற்றொரு கல்வெட்டும் இருக்கு.

விசிறிப்பாறை, கோவிவன், சந்திரநந்தி. மூணுமே கல். மூணுமே மரணத்தோட சம்பந்தப்பட்டது. இந்தப் பின்னணியில் இப்போ மகேந்திரவர்மனின் அந்த நாலு 'இல்லை'யைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. அது வெறும் இன்ஜினீயரிங் பெருமை மட்டும் இல்லை. ஒரு பெரிய மனத்தடையைத் தாண்டின அறிவிப்பு.

அதே நேரம், கடலுக்கு அந்தப் பக்கம்...

பழங்காலச் சடங்கு நகரம்னு சொன்னா, நம்ம கண்ணு முன்னாடி முதல்ல வர்றது மாயா பிரமிடுகள்தான். காட்டுக்குள் எழுந்து நிற்கும் படிக்கட்டுக் கோயில்கள், டிரோன் ஷாட், டாக்குமென்டரி. மகேந்திரவர்மன் காலத்தில் அங்கே என்ன நடந்தது?

இப்போதைய மெக்ஸிகோவில் பாலெங்கே என்ற மாயா நகரம். அங்கே கி.பி. 615-ல் பகால் என்ற 12 வயதுப் பையன் அரியணை ஏறினான். 683-ல் இறக்கும்வரை, அறுபத்தெட்டு வருஷம் ஆட்சி. அதாவது, ஏறக்குறைய நம்ம மகேந்திரவர்மனும் அவர் மகன் மாமல்லனும் வாழ்ந்த காலம். பகாலுடைய கல்லறையின் மேல் ஒரு படிக்கட்டுப் பிரமிடு எழுப்பி, அதன் உச்சியில் கோயில் வைத்தார்கள். கல்வெட்டுகளின் கோயில் என்று அதற்குப் பெயர். உள்ளே கல்லறை இருப்பதே வெகுகாலம் யாருக்கும் தெரியாது. 1952-ல் ஆல்பெர்டோ ருஸ் என்ற மெக்ஸிகோ தொல்லியலாளர்தான் கோயில் தரையின் கீழ் மறைந்திருந்த படிகளைத் தோண்டி இறங்கி, மன்னரின் கல்பெட்டியைக் கண்டுபிடித்தார்.

பாருங்க, எவ்வளவு வித்தியாசம்! அங்கே இறந்த மன்னரின் மேலேயே கோயில். மரணமும் தெய்வமும் ஒரே கட்டடத்தில். இங்கே, இறந்தவரின் கல் வேறு, சாமியின் வீடு வேறு என்று பிரித்து வைத்த ஊர். அந்தக் கோட்டை ஒரு மன்னர் அழித்துப் பார்க்கிறார்.

பொருள்களிலும் ஒரு தலைகீழ்க் கணக்கு இருக்கு. மாயாக்களிடம் உலோகக் கருவி கிடையாது. கல்லைக் கல்லாலேயே வெட்டினார்கள். ஆனால், சுண்ணாம்பு இல்லாமல் அவர்களுக்கு வேலையே நடக்காது. சுண்ணாம்புக்கல்லை விறகு வைத்து எரித்து, சாந்தாகவும் பூச்சாகவும் பயன்படுத்தினார்கள். மகேந்திரவர்மனின் ஆட்களிடம் நல்ல இரும்பு உளி இருந்தது. சுண்ணாம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் கடைசியில் போய்ச் சேர்ந்தது ஒரே இடத்துக்கு: காலத்தால் அழியாத ஒரு வழிபாட்டு இடம்.

பாறைக்குள் ஒரு வீடு எப்படிச் செய்வது?

வழக்கமான வீடு கீழேயிருந்து மேலே வளரும். குடைவரை அப்படியில்லை. இங்கே எதையும் சேர்க்க முடியாது. வேண்டாததை எடுத்துக்கொண்டே போகணும். அதனால்தான் இதைக் கட்டினார்கள் என்று சொல்லாமல், குடைந்தார்கள் என்கிறோம்.

இந்த மாதிரி குடைவரைகள் எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சுக்க, பாதியில் நின்றுபோனவைதான் நமக்கு உதவி. மாமல்லபுரத்தில் அப்படிச் சிலது இருக்கு. முதலில் பாறையின் முகத்தைச் சமமாக்குவார்கள். அதில் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்கள் போடுவார்கள். கட்டத்தின் நாலு ஓரத்திலும் உளியால் பள்ளம் வெட்டுவார்கள். நடுவில் தனியாக நிற்கும் கட்டியை உடைத்து எடுப்பார்கள். அடுத்த கட்டம், அதற்கு அடுத்தது. கேக்கைத் துண்டு போட்டு எடுப்பது மாதிரி, உள்ளே உள்ளே போவார்கள். தூண் வர வேண்டிய இடத்தில் மட்டும் பாறையை விட்டுவைப்பார்கள்.

சொல்ல ஈஸியா இருக்கு. ஆனா, நம்ம பகுதிப் பாறை எவ்வளவு கடினம்னு போர் போட்ட வீட்டுக்காரர்களைக் கேளுங்க. கர்நாடகத்தின் பாதாமியில் சாளுக்கியர்களும் குடைவரை செய்தார்கள். அங்குள்ள மூன்றாவது குகையின் கல்வெட்டு கி.பி. 578-ஐச் சேர்ந்தது. ஆனால், அது மணற்பாறை, உளிக்கு இளகிக்கொடுக்கும். இங்கே இருப்பது கருங்கல் வகை. ஒரு தூணில் கூடுதலாக ஒரு துண்டு பெயர்ந்து போனால், ஒட்டவைக்க வழியே இல்லை. அன்டூ பட்டன் இல்லாத வேலை.

மண்டகப்பட்டு முகப்பைப் பார்த்தால் அந்த ஜாக்கிரதை தெரியும். தூண்கள் மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. கனமா, எளிமையா இருக்கும். பூ வேலை, கொடி வேலை எதுவும் பெரிதாக இல்லை. முகப்பின் இரண்டு ஓரத்திலும் மாடத்துக்குள் துவாரபாலகர்கள், கதையை ஊன்றி நிற்கிறார்கள். பிற்காலக் கோயில்களில் வரும் நாலு கை, கோரைப்பல் மிரட்டல் எல்லாம் இவர்களிடம் கிடையாது. இரண்டே கை. நம்ம ஊர் ஆள் ஒருத்தர் காவலுக்கு நிற்கிற மாதிரி.

'இதுதான் தமிழகத்தின் முதல் குடைவரையா?'ன்னு கேட்டால், ஒரு சின்ன எச்சரிக்கை. பிள்ளையார்பட்டி போல பாண்டிய நாட்டுக் குடைவரைகள் சில இதற்கும் முந்தியவை என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அதனால், 'முதல்' என்ற பட்டத்துக்கு நாம சண்டை போட வேண்டாம். ஆனால், என்ன செய்தோம், ஏன் அது புதுசுன்னு மன்னரே எழுதிவைத்த குடைவரை இது. அந்தப் பெருமையை யாரும் தட்டிப்பறிக்க முடியாது.

காலியாக இருக்கும் மூன்று அறைகள்

உள்ளே போனால் பின்சுவரில் மூன்று அறைகள் வரிசையாக இருக்கும். கல்வெட்டு சொன்ன மூன்று தெய்வங்களுக்கு மூன்று கருவறை. எட்டிப் பார்த்தால், காலி!

சாமியை யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களான்னு உடனே தோணும். அதற்கு அவசியமில்லை. தொடக்ககாலப் பல்லவர் குடைவரைகளின் கருவறைகளில் கல்லில் செய்த மூல உருவமே இருந்திருக்காது. மரத்திலோ சுதையிலோ செய்தோ, பின்சுவரில் வண்ணம் தீட்டியோ வழிபட்டிருப்பார்கள் என்பது சீனிவாசன் போன்றவர்களின் கருத்து. வீட்டைக் கல்லுக்கு மாற்றும் துணிச்சல் வந்துவிட்டது. ஆனால், உள்ளே இருக்கும் சாமியையே கல்லில் செய்யும் அளவுக்கு அந்தத் தயக்கம் இன்னும் போகவில்லை என்பது அவர்களின் வாதம். மரமும் வண்ணமும் 1,400 வருஷம் தாங்குமா? கல் நின்றது, மற்றது போனது. மகேந்திரவர்மன் எதற்குப் பயந்து நாலு பொருளையும் ஒதுக்கினாரோ, அது அவர் கோயிலின் கருவறைக்குள்ளேயே நடந்துவிட்டது.

அந்த வெறுமையை ஏமாற்றமா பார்க்காதீங்க. ஒரு மாற்றம் பாதியில் இருந்தபோது எடுத்த போட்டோ மாதிரி அது.

அதுக்கப்புறம் நடந்தது வரலாறு

இந்தச் சோதனை வெற்றி என்பது மகேந்திரவர்மனின் அடுத்தடுத்த வேலைகளிலேயே தெரியும். இதே வட்டாரத்தில் தளவானூரில் அவர் செய்த குடைவரை, சத்ருமல்லேஸ்வரம். சத்ருமல்லன் என்பதும் அவர் பட்டம்தான். மண்டகப்பட்டின் எளிமையைப் பார்த்துட்டு அங்கே போனால் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். முகப்பின் மேல் மகர தோரணம் வந்துவிட்டது. சமஸ்கிருதத்தோடு தமிழிலும் கல்வெட்டு இருக்கு. கை பழகிட்டா டிசைன் தானா வரும்தானே?

பல்லாவரம், மாமண்டூர், மகேந்திரவாடி, சீயமங்கலம், திருச்சி மலைக்கோட்டையின் லலிதாங்குர குடைவரை என்று அவருடைய வேலை நீண்டது. அவர் மகன் மாமல்லன் பெயரில் மாமல்லபுரம் வந்தது. பிறகு கி.பி. 700 வாக்கில் ராஜசிம்மன் காலத்தில், பாறையைக் குடைவதை விட்டு, கல்லை வெட்டி எடுத்து அடுக்கிக் கட்டும் அடுத்த கட்டம். அதற்கும் விழுப்புரம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கு. பனமலையில் தாளகிரீஸ்வரர் கோயில். அங்கே ஒரு சிற்றறையில், சிவனின் ஆட்டத்தைப் பார்த்தபடி நிற்கும் பார்வதியின் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் இருக்கு. நின்ற நிலையில், தலையில் மகுடத்தோடு, மேலே குடை. பார்த்தால் மறக்க மாட்டீங்க.

அங்கிருந்து முந்நூறு வருஷம் தாண்டினால், 1010-ல் தஞ்சைப் பெரிய கோயில். நூல் பிடிச்சுப் பின்னாடி வந்தால், ஒரு முனை மண்டகப்பட்டுப் பாறையில் கட்டியிருக்கும்.

ஜல்லியாகும் மலைகள்

இதுவரைக்கும் பெருமை. இனி கொஞ்சம் கவலை.

திண்டிவனம், வானூர் பக்கம் போயிருந்தால் பார்த்திருப்பீங்க. கல்குவாரி, கிரஷர், ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி, சாலையோரச் செடிகளின் மேல் வெள்ளையாகப் படிந்த தூசி. நம்ம வீட்டுக்கும், நாம பைக் ஓட்டும் நாலுவழிச் சாலைக்கும் கல் வேணும். குவாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் இந்த ஊர்களில் இருக்கு. அதை மறுக்க முடியாது. ஆனால், எந்த மலையை உடைக்கிறோம் என்ற கேள்வி இருக்கு.

திண்டிவனம் – மரக்காணம் சாலையில் பெருமுக்கல்னு ஒரு மலை. உச்சியில் முக்தியாலீஸ்வரர் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் ஹைதர் அலியும் மாறி மாறி மோதிய கோட்டையின் சிதைவுகள். இதுக்கெல்லாம் முன்னாடியே மனிதர்கள் பாறையில் கீறிவைத்த குறியீடுகள் கொண்ட குகை ஒன்றும் அங்கே உண்டு. ஒரே மலையில் இத்தனை காலம்! அந்த மாதிரி மலைகளைச் சுற்றி வெடிச்சத்தம் கேட்கும்போது, அதிர்வது பாறை மட்டுமில்லை.

சட்டம் என்ன சொல்லுது? மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று அறிவித்த இடத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அனுமதி இல்லாமல் குவாரி வேலையோ கட்டுமானமோ கூடாது. அந்தச் சின்னத்தின் மேல் கிறுக்கினாலோ சேதப்படுத்தினாலோ இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே. மண்டகப்பட்டு இந்தப் பாதுகாப்புக்குள் வருகிறது. நீல போர்டு இருக்கும்.

சிக்கல், போர்டு இல்லாத பாறைகளில்தான். ஒரு வயலோரத்தில் நிற்கும் கல்வட்டம், பெயர் தெரியாத ஒரு நடுகல், சிவப்புக் காவியில் வரைந்த ஒரு கிறுக்கல். இதெல்லாம் யார் பட்டியலிலும் இல்லாமல் இருக்கலாம். ஊர்க்காரர் யாராவது, 'இது சும்மா கல் இல்லை'ன்னு சொன்னால்தான் அதற்கு வாழ்வு.

போறீங்களா? இதைக் குறிச்சுக்கோங்க

* விழுப்புரத்திலிருந்து மண்டகப்பட்டு சுமார் 20 கி.மீ. அங்கிருந்து செஞ்சி ஏறக்குறைய 17 கி.மீ. திண்டிவனத்திலிருந்து வருபவர்கள் செஞ்சி வழியாக வரலாம். காலையில் மண்டகப்பட்டு, அப்புறம் திருநாதர்குன்று, வெயில் தாழ்ந்த பிறகு கோட்டை என்று திட்டம் போட்டால் ஒரே நாளில் முடியும்.

* உள்ளே இருட்டாக இருக்கும். கல்வெட்டைப் பார்க்க மொபைல் டார்ச்சை நேராக அடிக்காமல், பக்கவாட்டில் சாய்த்துப் பிடிச்சுப் பாருங்க. எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் விழும். அப்போதான் தெளிவாகத் தெரியும்.

* எழுத்து தெரியணும்னு சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தடவாதீங்க. கையால் தேய்க்கவும் வேண்டாம்.

* திருநாதர்குன்று சமணர்களுக்கு இன்றைக்கும் புனித இடம். திண்டிவனம், செஞ்சி வட்டாரக் கிராமங்களில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களின் மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. செருப்பு, சாப்பாடு, சத்தம் விஷயத்தில் ஒரு கோயிலில் எப்படி இருப்பீங்களோ அப்படி இருங்க.

* டிரோன் பறக்கவிட முன் அனுமதி வேணும். தண்ணியும் தொப்பியும் கட்டாயம். பாறை மேல நிழல் கிடையாது.

* உங்க ஊரில் எழுத்தோ உருவமோ இருக்கும் பாறையைப் பார்த்தால், அதை அசைக்காமல் போட்டோ எடுங்க. இருப்பிடத்தைக் குறிச்சு, கிராம நிர்வாக அலுவலரிடமோ மாவட்டத்தின் தொல்லியல் அலுவலரிடமோ கொடுங்க. ரீல்ஸ் அப்புறம் போட்டுக்கலாம்.

மகேந்திரவர்மன் தன் கோயிலில் என்னென்ன இல்லைன்னு நாலு எழுதிவைத்தார். செங்கல் அழியும், மரம் அழியும், சுண்ணாம்பு உதிரும், உலோகம் துருப்பிடிக்கும். மலை மட்டும் எங்கே போகப்போகுதுங்கிற நம்பிக்கையில் எழுதியிருப்பார். அந்தப் பட்டியலில் 'மலையும் இல்லை'ன்னு ஐந்தாவதாக ஒன்று சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது, இப்போ அந்த ரோட்டில் பைக் ஓட்டும் நாமதான்!